டேப்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

"டேப் ரொம்ப ஸ்லோவாகிவிட்டது, புதிது வாங்கிவிடலாமா?" என்று யாராவது கேட்டால், உடனே மாடல் பெயர் சொல்லிப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை. ஸ்லோ என்ற ஒரே புகாருக்குப் பின்னால் நிரம்பி வழியும் சேமிப்பிடம் இருக்கலாம், தேய்ந்த பேட்டரி இருக்கலாம், வீட்டு வைஃபை இருக்கலாம், உண்மையிலேயே வயதாகிவிட்ட சிப்பும் இருக்கலாம். முதல் மூன்றுக்கும் புது டேப் தேவையே இல்லை. வைஃபையில் கோளாறு என்றால் புது டேப்பிலும் அதே வேகம்தான் கிடைக்கும், பணம் மட்டும் போயிருக்கும்.

ஆகவே உங்கள் டேப்பில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடி, அங்கிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றும் மூன்று முடிவுகளில் ஒன்றில் போய் நிற்கும்: நாமே சரிசெய்யலாம், பழுது பார்க்கக் கொடுக்கலாம், அல்லது மாற்றத்தான் வேண்டும்.

கை வைக்கும் முன்

செட்டிங்ஸில் டேப்லெட் பற்றிய பக்கத்தைத் திறந்து நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மாடல் எண், ஆண்ட்ராய்டு அல்லது ஐபேட்ஓஎஸ் பதிப்பு, கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் வந்த தேதி, மீதமிருக்கும் காலி இடம். வாங்குவதா வேண்டாமா என்ற முடிவு பெரும்பாலும் இந்த நான்கிலேயே இருக்கிறது. அப்புறம் படங்கள், குறிப்புகள், அரட்டைகள் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிடுங்கள். கீழே சொல்லும் சோதனைகளில் ஒன்று டேப்பை முழுக்கத் துடைத்துவிடும்.

அறிகுறி: எதைத் தொட்டாலும் மெதுவாக இருக்கிறது

எப்போதிலிருந்து என்று முதலில் யோசியுங்கள். பெரிய அப்டேட் ஒன்று வந்த மறுநாளிலிருந்து என்றால், ஒன்றும் செய்யாமல் ஓரிரு நாள் பொறுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு டேப் பின்னணியில் படங்களை மறுபடி வரிசைப்படுத்தும், செயலிகளைப் புதிய பதிப்புக்கு ஏற்பத் தயார் செய்யும். இரவில் சார்ஜரில் போட்டு வைஃபையோடு விட்டுவிட்டால் பெரும்பாலும் தானாக முடிந்துவிடும்.

அது இல்லையென்றால் அடுத்து சேமிப்பிடம். டேப்பில் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். அதில் ஏற்கெனவே எழுதிய இடத்தில் நேரடியாக மேலெழுத முடியாது. ஒரு தொகுதியை முழுக்க அழித்த பிறகே புதிதாக எழுத முடியும். காலித் தொகுதிகள் நிறைய இருக்கும்வரை இது நமக்குத் தெரியாது. இடம் நிரம்பிவிட்டால், ஒவ்வொரு சின்ன எழுத்துக்கும் பழையதை இடம் மாற்றி, அழித்து, பிறகு எழுத வேண்டியிருக்கும். விசைப்பலகை வர மூன்று நொடி ஆவது, கேமரா திறக்கும்போது திரை கறுப்பாகவே நிற்பது எல்லாம் இதன் விளைவாக இருக்கலாம்.

சேமிப்பிடப் பக்கத்தைத் திறந்து, செயலிகளை அளவு வாரியாக அடுக்கிப் பாருங்கள். 32 ஜிபி டேப்பில் இயங்குதளமே கணிசமான பங்கை எடுத்திருக்கும். மீதியில் பெரும்பகுதியை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் பழைய முகங்கள்தான்: பார்த்து முடித்தும் அழிக்காத டவுன்லோட் வீடியோக்கள், அரட்டைச் செயலியில் தானாக இறங்கிய கோப்புகள், பிள்ளைகள் விளையாடி மறந்த ஒரு கேம். மொத்த இடத்தில் குறைந்தது 15 சதவீதமாவது காலியாக இருக்கட்டும் என்பது என் கணக்கு. மெமரி கார்டு போட வசதி இருந்தால் படங்களையும் வீடியோக்களையும் அதற்கு மாற்றுங்கள். செயலிகளை மாற்ற வேண்டாம். பெரும்பாலான கார்டுகள் உள் நினைவகத்தைவிட மெதுவானவை.

இடம் இருந்தும் மெதுவு என்றால், ஆண்ட்ராய்டில் சேஃப் மோடு ஒரு நல்ல சோதனை. பல டேப்களில் பவர் மெனுவில் அணைக்கும் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் அதற்கான கேள்வி வரும். சேஃப் மோடில் நீங்கள் நிறுவிய செயலிகள் எதுவும் ஓடாது. அப்போது டேப் சுறுசுறுப்பாக இருந்தால், நிறுவிய செயலிகளில் ஏதோ ஒன்றுதான் காரணம். கடைசியாகப் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். "வேகப்படுத்துகிறேன்", "சுத்தம் செய்கிறேன்" என்று சொல்லும் செயலிகளை முதலில் நீக்குங்கள். அவை பின்னணியில் ஓடிக்கொண்டே இருப்பதுதான் பல நேரம் பிரச்சினை.

அடுத்தது ரேம், அதாவது திறந்திருக்கும் செயலிகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பிரவுசரில் நீளமான ஒரு பக்கத்தைத் திறந்து பாதிவரை கீழே போங்கள். பிறகு வேறு இரண்டு செயலிகளைத் திறந்துவிட்டுத் திரும்ப வாருங்கள். பக்கம் நீங்கள் விட்ட இடத்திலேயே இருந்தால் ரேம் போதும். திரை வெள்ளையாகி, பக்கம் தலைப்பிலிருந்து மறுபடி ஏறினால் ரேம் பற்றவில்லை. 2 ஜிபி, 3 ஜிபி டேப்களில் இது இப்போது சாதாரணம். ரேமைக் கூட்ட வழியில்லை, போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். செட்டிங்ஸில் இருக்கும் "கூடுதல் ரேம்" வசதி சேமிப்பிடத்தின் ஒரு பகுதியை ரேம் போல எடுத்துக்கொள்கிறது. சேமிப்பிடமே மெதுவான டேப்பில் அது உதவுவதைவிடத் தொல்லை தருவதே அதிகம், அணைத்துப் பாருங்கள். கனமான செயலிகளுக்குப் பதில் அவற்றின் லைட் பதிப்போ, பிரவுசர் பக்கமோ பயன்படுத்தினால் கொஞ்ச காலம் ஓட்டலாம்.

இவ்வளவு பார்த்தும் தெளிவில்லை என்றால் கடைசிச் சோதனை: முழு ரீசெட், அதாவது டேப்பில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிது போலாக்குவது. இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் ஊகத்துக்கு இதில் இடமே இல்லை. பேக்கப் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு கருவியில் திறந்து பார்த்துவிட்டு, கணக்குக் கடவுச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ரீசெட் செய்யுங்கள். டேப் திரும்ப எழுந்ததும் "பேக்கப்பிலிருந்து மீட்கவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். மீட்டால் பழைய குப்பையும் சேர்ந்து வந்துவிடும், சோதனைக்கு அர்த்தம் இருக்காது. புதிதாகத் தொடங்கி, வரும் அப்டேட்கள் எல்லாம் இறங்கி முடிந்தபின், தினமும் பயன்படுத்தும் மூன்றே மூன்று செயலிகளை மட்டும் போட்டு ஓரிரு நாள் ஓட்டுங்கள்.

வேகமாக ஓடினால் வன்பொருள் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். மீதிச் செயலிகளைத் தேவைப்படும்போது ஒவ்வொன்றாகச் சேருங்கள், புது டேப் எண்ணத்தைத் தள்ளிப்போடுங்கள். காலி டேப், மூன்றே செயலி, அப்போதும் திணறுகிறது என்றால் சிப், ரேம், தேய்ந்த சேமிப்பிடம் ஆகியவற்றில் ஒன்று. மூன்றையும் மாற்ற முடியாது. மாற்றுவதற்கு இது நியாயமான காரணம்.

அப்படி மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. இந்த ஆண்டு வெளிவந்தது என்பதாலேயே ஒரு டேப் வேகமானது ஆகிவிடாது. குறைந்த விலைப் புது டேப்பில் இருக்கும் சிப், சில ஆண்டுகளுக்கு முந்தைய உயர்வகை டேப்பின் சிப்பைவிட மெதுவாக இருப்பது சகஜம். விவரக்குறிப்பில் சேமிப்பிட வகையைத் தேடுங்கள். இஎம்எம்சி 5.1 வகையின் உச்ச வரம்பே நொடிக்கு 400 எம்பி, யூஎஃப்எஸ் 3.1 வகையின் வரம்பு நொடிக்கு 2,000 எம்பிக்கு மேல். இஎம்எம்சி டேப்பிலிருந்து இன்னொரு இஎம்எம்சி டேப்புக்கு மாறினால், இரண்டு ஆண்டில் மறுபடி இதே கட்டுரையைத் தேடி வரவேண்டியிருக்கும்.

அறிகுறி: இணையம் மட்டும் இழுக்கிறது

முன்பே டவுன்லோட் செய்து வைத்த வீடியோ சிக்காமல் ஓடுகிறதா? ஓடினால் டேப் நலம். அதே இடத்தில், அதே வைஃபையில், போனில் ஒரு வேகச் சோதனை செய்து ஒப்பிடுங்கள். இரண்டும் மெதுவு என்றால் ரூட்டரை இடம் மாற்றுங்கள், அல்லது டேப்பை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றுங்கள். டேப் மட்டும் மெதுவு என்றால் அந்த வைஃபை இணைப்பை மறக்கச் சொல்லி மறுபடி சேருங்கள். டேப் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே பிடிக்கும் பழைய வகையாகவும் இருக்கலாம். அதற்காக மட்டும் மாற்றத் தேவையில்லை, வீடியோ பார்க்க அது பெரும்பாலும் போதும்.

அறிகுறி: சார்ஜ் நிற்பதில்லை, அல்லது ஏறுவதில்லை

ஏறுவதில்லை என்றால் முதலில் சார்ஜரையும் கேபிளையும் சந்தேகப்படுங்கள். டேப் பேட்டரி போன் பேட்டரியைப் போல் சிறியதல்ல. 9ஆம் தலைமுறை ஐபேடின் பேட்டரி 32.4 வாட்-மணி. அதை பழைய 5 வாட் போன் சார்ஜரில் போட்டால், துளி வீணாகாமல் ஏறினாலும் ஆறரை மணி நேரம் ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும், நடுவில் வீடியோ பார்த்தால் சதவீதம் நகரவே நகராது. டேப்போடு வந்த சார்ஜரிலோ அதே வாட் உள்ள வேறொன்றிலோ போட்டுப் பாருங்கள். சார்ஜிங் ஓட்டையில் பஞ்சுத்தூசி அடைந்திருந்தாலும் கேபிள் முழுதாக உட்காராது. டேப்பை அணைத்துவிட்டு மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம்.

நிற்பதில்லை என்றால் பேட்டரி பயன்பாட்டுப் பக்கத்தில் எந்தச் செயலி அதிகம் தின்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே விசேஷமாக எதுவும் தெரியாமல், 25 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே டேப் சட்டென்று அணைகிறது என்றால் பேட்டரி தேய்ந்துவிட்டது. லித்தியம்-அயான் பேட்டரி எல்லாமே தேயும். ஐபேட் பேட்டரிகள் 1,000 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் சொல்கிறது. 2024 முதல் வந்த ஐபேட் மாடல்களில் பேட்டரி நலத்தை செட்டிங்ஸிலேயே பார்க்கலாம்.

பேட்டரியை மாற்றலாமா, டேப்பையே மாற்றலாமா? இதற்கு விடை சொல்வது பாதுகாப்பு அப்டேட்தான். இன்னும் இரண்டு ஆண்டாவது அப்டேட் வரும், வேகமும் போதும் என்றால், பேட்டரி மாற்றுவதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. அப்டேட் ஏற்கெனவே நின்றுவிட்ட டேப்புக்குப் பேட்டரி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டேப்பின் திரை பசையால் ஒட்டப்பட்டிருப்பதால், கழற்றும்போது திரை உடையும் அபாயம் உண்டு. உடைந்தால் யார் பொறுப்பு என்று கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் யோசிக்கவே கூடாது. திரையின் ஓரம் லேசாகத் தூக்கியிருக்கிறது, பின்பக்கம் உப்பியிருக்கிறது, மேசையில் வைத்தால் டேப் ஆடுகிறது என்றால் பேட்டரி வீங்கியிருக்கிறது. உடனே அணையுங்கள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள். எரியக்கூடிய பொருட்களிலிருந்து தள்ளி வைத்துவிட்டுச் சேவை மையத்தைக் கேளுங்கள். குப்பைத்தொட்டியில் போடவும் கூடாது.

அறிகுறி: தொடாமலே திரை தானாக வேலை செய்கிறது

சார்ஜரில் இருக்கும்போது மட்டும் நடந்தால் குற்றவாளி சார்ஜர். தரமற்ற சார்ஜரின் மின் இரைச்சல் தொடுதிரையைக் குழப்பும். கேபிளைப் பிடுங்கியதும் நின்றுவிடும். எப்போதும் நடந்தால் திரைமேல் ஒட்டிய கண்ணாடியை எடுத்துவிட்டுப் பாருங்கள், கூடவே மேலே சொன்ன வீக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

திரையில் செத்த பகுதி இருக்கிறதா என்று அறிய ஒரு எளிய வழி: வரையும் செயலி ஏதாவதொன்றைத் திறந்து, விரலை எடுக்காமல் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழ்வரை நெருக்கமாகக் கோடு இழுங்கள். எல்லாக் கோடுகளும் ஒரே பட்டையில் அறுபட்டால் திரை போய்விட்டது. திரை மாற்றும் செலவு பெரும்பாலும் பெரிதாக இருக்கும், பழைய டேப்புக்கு அரிதாகவே கட்டுப்படியாகும்.

அறிகுறி: "இந்தச் செயலி உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது"

வேகம் நன்றாக இருந்தும் மாற்ற வைப்பது இந்த அறிகுறிதான். முதலில் இயங்குதள அப்டேட் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில், செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் வெப்வியூ என்ற கூறையும் ஸ்டோரில் தேடி அப்டேட் செய்யுங்கள், பல செயலிகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன.

ஐபேடில் ஒரு வசதி பலருக்குத் தெரிவதில்லை. அந்தச் செயலியை அதே கணக்கில் முன்பு எப்போதாவது இறக்கியிருந்தால், ஆப் ஸ்டோரில் வாங்கியவை பட்டியலுக்குப் போய் அங்கிருந்து இறக்குங்கள். உங்கள் ஐபேடுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பு இருந்தால், அதைத் தரவா என்று கேட்கும். ஐபேட் மாடல்கள் எங்கே நின்றன என்பது தெளிவு: ஏர் 2 ஐபேட்ஓஎஸ் 15இல் நின்றது, 5ஆம் தலைமுறை ஐபேட் 16இல், 6ஆம் தலைமுறை 17இல், 7ஆம் தலைமுறை 18இல். ஆண்ட்ராய்டு பக்கம், 2025இல் குரோம் பிரவுசர் 138ஆம் பதிப்போடு ஆண்ட்ராய்டு 8, 9 இரண்டையும் கைவிட்டது; அடுத்த பதிப்புக்கு ஆண்ட்ராய்டு 10 வேண்டும்.

உங்கள் டேப் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறதா? அப்படியானால் டேப்பில் என்னென்ன வேலை செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். படிப்பது, டவுன்லோட் செய்த வீடியோ பார்ப்பது, இசை, சமையல் குறிப்பு இவ்வளவுதான் என்றால் அந்த டேப்புக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது. வங்கி, முக்கிய மின்னஞ்சல், அலுவலக ஆவணம் இருந்தால் அவற்றைப் போனுக்கோ கணினிக்கோ மாற்றிவிடுங்கள். மாற்ற முடியாது, டேப்பில்தான் செய்ய வேண்டும் என்றால் மட்டும் புதிது வாங்குங்கள். ஸ்டோரில் கிடைக்காத வங்கிச் செயலியை எங்கோ ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போடுவதை மட்டும் எக்காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். தனியார் ரோம் (தயாரித்த நிறுவனம் அல்லாத பிறர் உருவாக்கிய இயங்குதளம்) போட்டுப் புதிய ஆண்ட்ராய்டு ஏற்றலாம் என்பார்கள். அது முடியும், ஆனால் பல வங்கிச் செயலிகள் அதில் ஓட மறுக்கும்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். நீங்கள் நம்பியிருக்கும் பழைய செயலி புது டேப்பில் ஓடுமா? ஆண்ட்ராய்டு 6க்கு முந்தைய காலத்தை இலக்காக வைத்து எழுதிய செயலிகளை ஆண்ட்ராய்டு 14 நிறுவவே விடாது.

அறிகுறி: எல்லாத் தளமும் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்கிறது

தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள், பாதி நேரம் அதுதான். சரியாக இருந்தால், ஒரு தளத்தை நம்பலாமா என்று டேப் சரிபார்க்கும் சான்றிதழ்ப் பட்டியல் பழையதாகிவிட்டது காரணமாக இருக்கலாம். ஏராளமான தளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1இலிருந்துதான் சேர்க்கப்பட்டது. ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருப்பதால் அதில் அந்தத் தளங்கள் திறக்கலாம். ஆனால் இவ்வளவு பழைய டேப்பில் கடவுச்சொல் எதையும் தட்டச்சு செய்யாதீர்கள்.

அறிகுறி: திரை நன்றாக இருந்தும் வீடியோ மங்கலாகத் தெரிகிறது

ஓடிடி செயலிகளில் மட்டும் இப்படி என்றால் வைட்வைன் சான்று (வீடியோவைத் திருட்டுப் பிரதியிலிருந்து காக்கும் முறை) காரணமாக இருக்கலாம். அதன் கீழ்நிலையான எல்3 மட்டுமே உள்ள டேப்களுக்குப் பல சேவைகள் 480பிக்கு மேல் அனுப்புவதில்லை, திரை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் சரி. அப்டேட்டால் இது மாறுவது அரிது. புது டேப்பிலும் உயர்நிலையான எல்1 இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள், மலிவு மாடல்கள் சிலவற்றில் இருக்காது. மங்கல் இல்லை, ஆனால் காட்சி விட்டுவிட்டு ஓடி டேப் சூடாகிறது என்றால், ஏவி1 போன்ற புதிய வீடியோ வடிவத்தைச் சிப்பால் நேரடியாகப் பிரிக்க முடியவில்லை. தரத்தை 480பிக்கு இறக்கினால் பெரும்பாலும் சமாளிக்கும்.

வாங்கத்தான் வேண்டும் என்று முடிவானால்

விலைச்சீட்டில் இருப்பது முழுச் செலவல்ல. பழைய உறை பொருந்தாது, விசைப்பலகை பொருந்தாது, பேனாவும் பொருந்தாமல் போகலாம். 2024இல் வந்த ஐபேட் புரோ எம்4, ஐபேட் ஏர் எம்2 இரண்டிலும் 2ஆம் தலைமுறை ஆப்பிள் பென்சில் வேலை செய்யாது. 10ஆம் தலைமுறை ஐபேடில் ஹெட்போன் துளையே இல்லை. வரைபவர்களும் குறிப்பெடுப்பவர்களும் இந்தச் செலவைச் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

அந்த மொத்தத்தை, அப்டேட் வரப்போகும் மாதங்களால் வகுங்கள். புது டேப் 100 பங்கு, துணைப்பொருட்கள் 30 பங்கு, ஐந்து ஆண்டு அப்டேட் என்றால் மாதத்துக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேல். பழைய டேப்புக்கு 25 பங்கில் பேட்டரி மாற்றி இரண்டு ஆண்டு ஓட்டினால் மாதத்துக்கு ஒரு பங்குதான். பழைய டேப் வேலைக்குப் போதுமானதாக இருக்கும்வரை இந்தக் கணக்கில் பழுது பார்ப்பதே ஜெயிக்கும்.

அப்டேட் ஆண்டுகளை நீங்கள் வாங்கும் நாளிலிருந்து எண்ணாதீர்கள், மாடல் வெளிவந்த நாளிலிருந்து எண்ணுங்கள். 2023இல் வந்த கேலக்ஸி டேப் எஸ்9 வரிசைக்கு சாம்சங் அறிவித்தது ஐந்து ஆண்டு பாதுகாப்பு அப்டேட். 2026இல் தள்ளுபடியில் வாங்கினால் மீதி இரண்டு ஆண்டு சொச்சம்தான். தள்ளுபடி அந்த இழப்பை ஈடுகட்டுகிறதா என்று அதே வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்.

புதியது கைக்கு வந்ததும் பழையதை உடனே கொடுத்துவிடாதீர்கள். இரண்டு வாரம் பக்கத்திலேயே இருக்கட்டும். உள்நுழைவுக் குறியீடு தரும் செயலி பழைய டேப்பில் மட்டும் இருந்திருக்கும், அரட்டை வரலாறு வராமல் விட்டிருக்கும், ஏதாவதொரு குறிப்பு அதிலேயே தங்கியிருக்கும். எல்லாம் வந்துவிட்டது என்று உறுதியானபின் கணக்குகளிலிருந்து வெளியேறி, மெமரி கார்டையும் சிம்மையும் எடுத்துவிட்டு, ரீசெட் செய்து கொடுங்கள். வெளியேறாமல் அழித்தால், அடுத்து வாங்குபவர் முன் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு அந்த டேப் பூட்டிக்கொள்ளலாம்.